ஆட்டிறைச்சிக் கடையில் குளிர்காலம்

குளிர் எனக்கு நன்றாகப் பழக்கம் என்று நான் ஒரு பொய் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு வினாடி ஆகியிருக்கும். அதைக் கட்டிக் காக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டடங்கள் மின்சாரத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கட்டடத்தை வரைபவர்கள் வேறு. அது எவ்வளவு சூடாகும், சுவர் எத்தனை தடிமன் இருக்க வேண்டும், சுவருக்குள் எதற்குப் பின்னால் எதை வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்பவள் நான். சிங்கப்பூரில் இந்த வேலைக்கு எதிரிகள் இரண்டே பேர்: வெயில், ஈரம். இரண்டும் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். இருபது வருடமாக நான் அவற்றை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்படி நான் பாடுபட்டு மிச்சப்படுத்திய குளுமையில் உட்கார்ந்துகொண்டு என் அலுவலகத்தார் ஏர்கானை இன்னும் இரண்டு டிகிரி இறக்கிவிட்டு, மேலே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். இருபது வருடம் கணக்குப் போட்டும், பொறுப்பாளர் என்று போட்ட கோட்டுக்கு மேலே என் கையெழுத்து ஒரு கட்டடத்தில்கூட விழவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? எப்போதும் எனக்கு மேலே ஒருவர் இருப்பார். நான் கணக்குப் போடுவேன், அவர் பேனாவைத் திறப்பார்.

அப்போதுதான் அந்த நூலகம் வந்தது. வட ஐரோப்பாவின் உச்சியில் ஒரு சிறு ஊர். வருடத்தில் பாதி பனி. அந்த ஊர்க்காரர்கள் ஒரு பொது நூலகம் கட்டப் போட்டி வைத்தார்கள். வெப்பமூட்டும் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர்கள் விளையாட்டுப்போல ஒரு படம் வரைந்து அனுப்ப, அது ஜெயித்துத் தொலைத்தது. ஜெயித்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. எங்களில் ஒருவர்கூட பனியைப் பார்த்ததில்லை.

முதல் காணொளிக் கூட்டம் எங்களுக்குப் பிற்பகல், அவர்களுக்குக் காலை. திரையில் அந்த ஊர் நூலகர் வந்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி. பழைய நூலகத்துக்கு உள்ளேயே தடித்த கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அதைப் பார்க்காததுபோல நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்கள் குழுவில் குளிர் நாட்டில் இருந்து பழகியவர்கள் யாராவது உண்டா?" என்று அவர் கேட்டார்.

என் முதலாளி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த வடிவமைப்பாளரைப் பார்த்தார். வடிவமைப்பாளர் தன் பேனாவைப் பார்த்தார். அந்த அமைதி நீண்டால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"நான் இருக்கிறேன். குளிர் எனக்கு நன்றாகப் பழக்கம்."

கூட்டம் முடிந்ததும் முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் சீனர், நல்ல மனிதர். எதையும் சுற்றி வளைக்காமல் கேட்பவர். எங்கள் பேச்சு சிங்கப்பூர் ஆங்கிலம், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"எங்கே இருந்தாய் நீ?"

"ஊட்டியில்."

"அது எந்த நாடு?"

"இந்தியாவில் ஒரு மலை லா."

"பனி உண்டா?"

"உருளைக்கிழங்கு உண்டு."

கல்யாணமான புதிதில் இரண்டு நாள் போனது. அதிலும் ஒரு நாள் முழுக்க விடுதிப் படுக்கை விரிப்புக்குள் இருந்தேன். இதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"சரி லா, சொன்னது சொன்னதுதான். அடுத்த ஆய்வில் அவர்கள் சுவர்களை ஒப்புக்கொண்டால் பொறுப்பாளர் கையெழுத்து உன்னுடையது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேலை அங்கேயே ஏதாவது நிறுவனத்துக்குப் போய்விடும். நீ மறுபடி பேரங்காடிக்குக் கணக்குப் போடு."

அன்று சாயங்காலம் தோ பாயோ வீட்டில் என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுபவர். எந்தச் சிக்கலுக்கும் ஓர் அட்டவணை போட்டால் தீர்ந்தது என்று நம்புபவர்.

"டிரெயினிங் எடுத்துடுவோம்," என்றார். படுக்கையறை ஏர்கானைப் பதினாறில் வைத்தார். மின்விசிறியையும் முழு வேகத்தில் சுழலவிட்டார். நான் உள்ளே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் அவருக்கு ஜலதோஷம் பிடித்து, கிளினிக்கில் இரண்டு நாள் மருத்துவ விடுப்பு வாங்கிக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

"உனக்குக் குளிர் பழக்கம்தான் போல," என்றார் போர்வைக்குள்ளிருந்து. "நீ சொன்னது பொய்யே இல்ல."

பதினாறு டிகிரியை வைத்துக்கொண்டு பனி நாட்டுக்குச் சுவர் கட்ட முடியாது. நிஜமான குளிர் எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது, வாராவாரம் நான் கறி வாங்கும் கடை நினைவுக்கு வந்தது. லிட்டில் இந்தியாவில் இருக்கிறது. பின்பக்கம் ஆளே நடமாடும் அளவுக்கு ஒரு குளிர் அறை உண்டு. கதவில் எப்போதும் மைனஸ் பதினெட்டு என்று சிவப்பு எழுத்து எரியும்.

முதலில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு துணிக்கடையில் கோட்டு வாங்கினேன். பயணம் போகிறவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு நின்றவர் முழங்கால் வரை தொங்கும் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார்.

"எந்த ஊருக்குக்கா போறீங்க?"

"இங்கதான், ரெண்டு தெரு தள்ளி."

அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பையில் போட்டால் பெரிதாக இருக்கிறதே என்று நான் அதைப் போட்டுக்கொண்டே நடந்தேன். நண்பகல் வெயில். பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "காய்ச்சலாமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு பொய்யோடு இன்னொரு பொய்.

கடைக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பதினைந்து வருடமாக எனக்குக் கறி வெட்டித் தருகிறார். என்னைக் கோட்டோடு பார்த்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"என்னம்மா வேணும்? சொல்லு, நானே உள்ளேருந்து எடுத்துட்டு வர்றேன்."

"ஒண்ணும் வேணாம் அண்ணே. உள்ள போய் சும்மா பத்து நிமிஷம் உட்காரணும்."

"சும்மாவா?" கத்தியைக் கீழே வைத்தார். "வீட்ல ஏதும் சண்டையா?"

"இல்லண்ணே, ஆபிஸ் வேலை."

எந்த ஆபிஸில் இப்படி ஒரு வேலை கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுபோய் உள்ளே போட்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் தட்டி, "இருக்கியா?" என்று கேட்பார். நான் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திறந்துவிடுவார். இதுதான் ஒப்பந்தம்.

தொங்கும் ஆடுகளுக்கு நடுவில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். முதல் நிமிடம் சுகமாக இருந்தது. இரண்டாவது நிமிடம் மூக்குக்குள் முடிகள் ஒவ்வொன்றாக விறைத்துக்கொண்டதை உணர்ந்தேன். நான்காவது நிமிடம் பேனா எழுதவில்லை. ஆறாவது நிமிடம் கைப்பேசி செத்துவிட்டது. எட்டாவது நிமிடம் நான் மின்சாரம், சேமிப்பு, உலகம் எல்லாவற்றையும் மறந்து, ஸ்டூலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். தரையிலிருந்து ஏறும் குளிர்தான் கொடுமை என்று அப்போது கற்றேன். வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கடைக்காரருக்குப் பதில் கல்லாப் பெட்டிக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த கூட்டத்தில் நான் ஜொலித்தேன். "மூக்கு முடி விறைக்கும் குளிரில் ஒருவர் உள்ளே நுழைந்தால் முதலில் தேடுவது கதகதப்பான தரையைத்தான்," என்றேன். திரையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். முதலாளி என்னைப் பயபக்தியோடு பார்த்தார். அன்று எனக்கு ஏறிய தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாவது சனிக்கிழமை நான் கோட்டோடு கடைக்குப் போனபோது, குளிர் அறையின் வெளிச்சுவரை ஒருவர் பிரித்துப் போட்டிருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், குளிர் அறைகளைப் பழுது பார்க்கும் தொழிலாளி. என் வயதுதான் இருக்கும். கடைக்காரர் குற்றவாளிபோல ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் கடையின் பெயர் போட்ட காலண்டர்.

"அண்ணே, நீங்க இந்த காலண்டர் மாட்டுறதுக்கு எவ்ளோ நீள ஸ்க்ரூ போட்டீங்க?" என்று தொழிலாளி கேட்டார்.

"இவ்ளோதாம்ப்பா." கடைக்காரர் விரலைக் காட்டினார்.

"அது போதும். ஷீட்டைக் கிழிச்சிருச்சு."

நான் எட்டிப் பார்த்தேன். பழைய காலத்து அறை. வெளியே பலகை, அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள், அதற்கும் பின்னால் தெர்மாகோல். தாளில் சுண்டுவிரல் நுனி அளவு ஓட்டை. அதற்குப் பின்னால் தெர்மாகோலுக்குள் ஒரு தலையணை அளவுக்குப் பனிக்கட்டி விளைந்து, சுவரையே உள்பக்கம் தள்ளியிருந்தது.

"இத்தனூண்டு ஓட்டைக்கா இவ்வளவு?" என்றேன்.

"ஆமாங்க மேடம். வெளிக்காத்துல ஈரம் இருக்குல்ல? அது சூடான பக்கத்துலேருந்து குளிரான பக்கத்துக்குப் போகத்தான் பாக்கும். வழியில விடாம பிடிக்கத்தான் ஷீட்டு. அதனால சூடு எந்தப் பக்கமோ, ஷீட்டும் அந்தப் பக்கம்தான் இருக்கணும். இங்க சூடு வெளியில, அதனால ஷீட்டும் வெளியில. மாத்திப் போட்டா சுவரு உள்ளுக்குள்ளயே அழுகிடும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது."

நான் தலையாட்டினேன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன. இருபது வருடமாகத் தாளை வெளிப்பக்கம் வைத்துத்தானே வரைகிறேன். பேரங்காடிக்கு வெளிப்பக்கம். சமூக மன்றத்துக்கு வெளிப்பக்கம். நேற்று அனுப்பிய நூலகத்துக்கும்...

குறிப்பேட்டைத் திறந்து அந்தச் சுவரை வரைந்து பார்த்தேன்.

அந்த ஊரில் வெளியே பனி. சூடு உள்ளே. படிக்க வருகிறவர்களின் மூச்சு, காப்பிக் கடை ஆவி, நனைந்த காலணி ஈரம் எல்லாம் உள்ளே. நான் தாளை வெளிப்பக்கம் போட்டிருக்கிறேன். ஒரு சுவரில் இல்லை, எல்லாச் சுவரிலும். அந்த ஈரமெல்லாம் சுவருக்குள் போய், என் தாளில் முட்டிக்கொண்டு, அங்கேயே உறைந்து, வசந்தத்தில் உருகி, மரச்சட்டத்தை ஊறப்போட்டு அழுக வைக்கும். கணினிக் கணக்கில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கணினியில் அந்தச் சுவரை நான் புதிதாகப் போடவே இல்லை. பழைய பேரங்காடிச் சுவரை அப்படியே எடுத்துத் தடிமனை மட்டும் கூட்டியிருந்தேன். ஈரம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் கணக்கை ஓட்டவும் இல்லை. அவ்வளவு பழக்கம், அவ்வளவு திமிர்.

"என்னம்மா, உள்ள போகலயா? ஸ்டூல் போடட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம் அண்ணே. வெளியிலேயே குளிருது."

செவ்வாய்க்கிழமை ஆய்வு. ஞாயிறும் திங்களும் உட்கார்ந்து எல்லாச் சுவரையும் திருப்பிப் போட்டேன். தாளை உள்பக்கம் கொண்டுவந்தேன். அதற்கும் உள் பலகைக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டேன். உலகத்தில் எந்த ஊரிலும் காலண்டர் மாட்ட ஒருவர் வருவார், அவர் ஸ்க்ரூ எவ்வளவு நீளம் என்று நமக்குச் சொல்லவும் மாட்டார்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"திருத்திய படம் என்று அனுப்பிவிடு லா. எல்லாரும்தான் படத்தைத் திருத்துகிறார்கள். காரணம் யார் கேட்கப் போகிறார்கள்?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, சுவர்தான் சரியாகிவிட்டதே. செவ்வாய்க்கிழமை காலை வரை நான் அந்த முடிவில் உறுதியாக இருந்தேன்.

கூட்டம் தொடங்கியது. நூலகர் அதே கோட்டில் வந்து உட்கார்ந்தார். பின்னால் அதே கறை. அன்று யாரோ அதைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தார்கள்.

"அதுவா? முன்பு ஒரு பழுது பார்த்தார்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது," என்றார் அவர் சாதாரணமாக. "செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. குழந்தைகள் பகுதியை மூடும் வரை எங்களுக்குத் தெரியாது."

பொய் சொன்ன அதே வாய், மறுபடி என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

தாளைத் தவறான பக்கம் போட்டதைச் சொன்னேன். அது ஆட்டிறைச்சிக் கடையில் தெரியவந்ததைச் சொன்னேன். கடைக்கு எதற்குப் போனேன் என்று சொல்ல வேண்டி வந்ததால் ஸ்டூலைச் சொன்னேன். ஸ்டூலைச் சொன்னதால் கோட்டைச் சொன்னேன். கடைசியில், எனக்குக் குளிர் நாட்டு அனுபவமே கிடையாது, இரண்டு நாள் ஊட்டி மட்டும்தான் என்று சொல்லி நிறுத்தினேன். முதலாளி மேஜைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துவிட்டார். போயிற்று, இருபது வருடக் கனவு ஒரு காலண்டரில் போயிற்று என்று நினைத்தேன். அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

நூலகர் எங்கள் முதல் வரைபடத்தைத் திரையில் போட்டார். வாசல் பகுதியைப் பெரிதாக்கினார்.

"இது என்ன?"

"குடை வைக்கும் தாங்கி," என்றேன்.

"எத்தனை?"

"நாற்பது குடைக்கு." அந்த இடத்தை வடிவமைப்பாளர்களுக்குச் சொன்னது நான்தான். மழை வந்தால் எங்கே வைப்பார்கள் என்று சண்டை போட்டு வாங்கிய இடம்.

"எங்கள் ஊரில் பனிக்கு யாரும் குடை பிடிப்பதில்லை. சரி, நாற்பது குடைக்கு இடம் இருக்கிறது. கோட்டு மாட்ட எத்தனை கொக்கி இருக்கிறது, தேடிச் சொல்லுங்கள்."

தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஆறு மாதம் ஊரே கோட்டு போடும் இடத்தில், ஒரு கோட்டை மாட்ட ஒரு கொக்கி இல்லாத நூலகம்.

"முதல் நாளே எங்களுக்குத் தெரியும்," என்றார் அவர். "ஊரில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தாயிற்று. குளிர் தெரிந்தவர்கள் எங்களுக்கு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை நாங்களே உங்களுக்குச் சொல்லித் தருவோம். சுவருக்குள் என்ன நடக்கிறது என்று எங்களால் பார்க்க முடியாது. அதை எங்களிடம் வந்து சொல்கிற ஆள்தான் வேண்டும். இந்தப் படத்தில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள். கொக்கி வரைந்த பிறகு."

நூற்றிருபது கொக்கி வரைந்தேன். கொஞ்சம் அதிகம்தான்.

திறப்பு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். போகும் முன் கறிக்கடைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். கடைக்காரர் புது வருடக் காலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார். முருகன் படம், கீழே கடையின் பெயர், தொலைபேசி எண்.

"நம்ம கடையிலதானே படிச்ச? அங்க மாட்டச் சொல்லு," என்றார்.

அந்த ஊரில் இறங்கியபோது குளிர், கடைக்காரரின் அறை அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் தட்டி இருக்கியா என்று கேட்க யாரும் இல்லை. வழுக்கி இரண்டு முறை விழுந்து, நூலகத்துக்குள் நுழைந்து, கோட்டைக் கழற்றி முதல் கொக்கியில் மாட்டினேன். உள்ளே எல்லோரும் சாதாரணச் சட்டையில் இருந்தார்கள். நூலகரை நான் முதல் முறையாகக் கோட்டு இல்லாமல் பார்த்தேன்.

காலண்டரைக் கொடுத்தேன். அவருக்கு முருகனை மிகவும் பிடித்துவிட்டது. இதை இப்போதே மாட்ட வேண்டும் என்று சொல்லி, உள்ளே போய்த் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு வந்து, என் சுவரில் வைத்தார்.

"ஐயோ, வேணாம்!"

தமிழில்தான் கத்தியிருக்கிறேன். விழாவுக்கு வந்திருந்த மேயர் கையிலிருந்த கேக் தட்டு சரிந்தது. தாளுக்கு முன்னால் ஸ்க்ரூவுக்காகவே நான் விட்டிருந்த இடைவெளி அந்த நொடியில் எனக்கே நினைவில் இல்லை. நூலகர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கையிலிருந்த கருவியைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், என் கோட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த முதல் கொக்கியில் முருகனை மாட்டினார்.

முதல் குளிர்காலம் முடிந்ததும் அவர்கள் ஓரிடத்தில் சுவரைத் திறந்து பார்த்து எனக்கு ஒரு படம் அனுப்பினார்கள். உள்ளே கை விட்டு வெளியே எடுத்து விரித்துக் காட்டிய நூலகரின் உள்ளங்கை. அதில் ஈரம் இல்லை. படத்தின் ஓரத்தில் கொக்கியும் காலண்டரும் தெரிந்தன. அங்கே யாருக்கும் தாள் கிழிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. இன்னும் ஜனவரியிலேயே இருந்தது.

படத்தைக் கறிக்கடையில் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையை விட்டுவிட்டுக் காலண்டரையே பார்த்தார்.

"ஸ்க்ரூ போடலதானே?" என்றார்.